நீங்க எந்த ஊர்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து வேலை பார்ப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். நான் ஜே.என்.யூ.வில் ஸ்பானிஷ் படித்தவள், 28 வருஷமாக தில்லி, குருகிராம், நொய்டா அலுவலகங்களில் மொழிபெயர்ப்பும் பயிற்சி வகுப்பும் நடத்துகிறவள் என்பதை அதில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். சம்பளம், பதவி உயர்வு பற்றிய வழக்கமான கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

குருகிராமில் எங்கள் அலுவலகம். மே முதல் வாரம் மெக்சிகோ, கொலம்பியா, பிரேசில் நாடுகளிலிருந்து ஆளுக்கொருவராக மூன்று பேர் வருகிறார்கள். மே 5 அவர்களுடைய சுதந்திர தினமாம். அன்றைக்கு கேன்டீனில் 'ஃபியஸ்டா' நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பெரிய தொப்பி, ஒட்டு மீசை, நாச்சோஸ், ஸ்பானிஷ் பாட்டு எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுக்க வேண்டியது நான். மனதில் ஏதோ உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
– மனிதவளத் துறையில் இருக்கும் வாசகி, துவாரகா

உறுத்துவது நல்லதுதான் அம்மா. ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.

முதலில் தேதி. மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. கொலம்பியாவுக்கு ஜூலை 20. பிரேசிலுக்கு செப்டம்பர் 7. மே 5 என்பது 1862-ல் புவேப்லா என்ற ஊரில் மெக்சிகோப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். அமெரிக்காவில் குடியிருக்கும் மெக்சிகோ வம்சாவளியினர் அதைக் கொண்டாடினார்கள். பிறகு அங்கே பீர் கம்பெனிகளின் விளம்பரத்தால் அது பெரிய விருந்து நாளாகிவிட்டது. மெக்சிகோவிலேயே புவேப்லாவைத் தாண்டினால் அதற்கு அத்தனை ஆரவாரம் கிடையாது. கொலம்பியாக்காரருக்கும் பிரேசில்காரருக்கும் அந்தத் தேதியோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் போர் நடந்தபோது மெக்சிகோவின் ஜனாதிபதியாக இருந்தவர் பெயரை தில்லித் தமிழர்கள் பலரும் தினமும் பார்க்கிறார்கள். தௌலா குவான் பக்கம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி இருக்கிற சாலை, பெனிட்டோ ஹுவாரெஸ் மார்க். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கல்லூரியில் படித்திருக்கிறார்கள்! ஹுவாரெஸ் 1806-ல் ஓஹாக்கா மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் பேசியது சபோடெக் மொழி. சிறுவனாக நகரத்துக்கு வந்த பிறகுதான் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார். மெக்சிகோ அரசு 68 பழங்குடி மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்றிருக்கிறது. அந்த நாட்டைத் தொப்பியும் மீசையுமாகச் சுருக்கிக் காட்டினால், ஹுவாரெஸுக்கே அங்கே இடம் இருக்காது.

நீங்கள் வாங்க இருக்கும் பெரிய தொப்பியை 'சொம்ப்ரேரோ' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ஸ்பானிஷில் வெறுமனே தொப்பி என்றுதான் பொருள். 'சொம்ப்ரா' என்றால் நிழல், அதிலிருந்து வந்தது. கொலம்பியாவுக்கும் சொந்தமாக ஒரு தொப்பி உண்டு. செனூ பழங்குடியினர் ஒருவகை நாணல் நாரைப் பின்னிச் செய்யும் கறுப்பு வெள்ளைத் தொப்பி அது. நீங்கள் வாங்க இருப்பதற்கும் அதற்கும் துளியும் ஒற்றுமை கிடையாது. பிரேசில்காரர் ஸ்பானிஷ் பேசுபவரே இல்லை, அவருக்குப் போர்ச்சுகீஸ். 1500-ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டைக்குப் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியில் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு, அதே வருஷம் கள்ளிக்கோட்டைக்கும் வந்து சேர்ந்தன. அந்த நாட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் சுமார் 48 லட்சம் பேர். 1908 முதல் ஜப்பானியக் குடும்பங்களும் போய்க் குடியேறின. ஆகவே, வருகிறவர் எந்த நிறத்தில், எந்த முகச்சாயலில் வந்தாலும் அவர் பிரேசில்காரர்தான். "பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மேலிடத்துக்கு என்ன சொல்வது? "மே 5 சுதந்திர தினம் இல்லை, வருகிறவர்களில் இரண்டு பேருக்கு அது எந்த நாளுமே இல்லை" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். கூடவே மாற்றுத் திட்டத்தையும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒட்டு மீசை திரும்பி வந்துவிடும். நான் பார்த்தவரை நன்றாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வருகிறவர்களுக்கு முன்கூட்டியே எழுதி, விருப்பமிருந்தால் பதினைந்து நிமிஷம் தங்கள் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாட்டைப் பற்றி இல்லை, ஊரைப் பற்றி. பஸ் எத்தனை மணிக்கு வரும், காலையில் என்ன சாப்பிடுவார்கள், பாட்டி வீடு எங்கே என்று பேச்சு போனது. நம்மவர்களும் பதிலுக்குத் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னார்கள். ஜோத்பூர், மன்னார்குடி, இம்பால் எல்லாம் வந்தன. பேச விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். வேலைக்காக வந்தவரை நாட்டின் தூதராக்கி நிற்க வைக்கக் கூடாது.

நம் பக்கத்து மனிதர்கள் ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்ததும் "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்வி போதும். ஆனால் எல்லோரிடமும் அது ஒரே மாதிரி போய்ச் சேராது. கீழே நொய்டா வாசகர் கேட்டிருப்பதையும் படியுங்கள்.

ஹிஸ்பானிக், லத்தீனோ இரண்டும் ஒன்றா? அமெரிக்கத் தலைமையகம் அனுப்பும் படிவத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.
– வாசகர், கரோல் பாக்

ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழி வழியில் வருவது, லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்க வம்சாவளி. ஸ்பெயின்காரர் முதலாவதில் வருவார், இரண்டாவதில் வர மாட்டார். பிரேசில்காரர் நேர்மாறு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோரிடமும் ஹிஸ்பானிக்கா என்று கேட்க ஆரம்பித்தது 1980-ல். 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்று சேர்த்து எழுதும் விதி 1997-ல் வந்தது. உங்கள் படிவத்தில் இருப்பது அதுதான். 2020 கணக்கெடுப்பில் அப்படிப் பதிந்தவர்கள் 6.21 கோடி, அதாவது அந்நாட்டு மக்களில் 18.7 சதவீதம். ஆண், பெண் பேதம் காட்டாத 'லத்தீன்எக்ஸ்' என்ற புதுச் சொல்லையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2020-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதைத் தமக்குப் பயன்படுத்துகிறவர்கள் அவர்களில் 3 சதவீதம்தான். படிவத்தில் எது இருந்தாலும், நேரில் பேசும்போது அவர் தம்மை எப்படிச் சொல்கிறாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் உள்ள குழுவில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயர் எங்கள் மென்பொருளில் எப்போதும் தப்பாகவே வருகிறது. நான்கு சொற்கள் கொண்ட பெயர். கடைசிச் சொல்லை எடுத்து 'மிஸ்' போட்டு அழைக்கிறோம். அவர் இரண்டு தடவை திருத்திவிட்டு, இப்போது பேசாமல் இருந்துவிட்டார். இது பெரிய விஷயமா?
– வாசகர், மயூர் விகார்

பெரிய விஷயம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பொதுவாகக் குடும்பப் பெயர் இரண்டு. முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. நோபல் பரிசு வாங்கிய கொலம்பிய எழுத்தாளரை 'மார்க்கேஸ்' என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். அப்பா வழிப் பெயர் கார்சியா. அவரைச் சுருக்கமாகச் சொல்வதானால் கார்சியா மார்க்கேஸ் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணமானால் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதும் இல்லை. பிரேசிலில் வரிசை மாறும். அம்மா பெயர் முதலில், அப்பா பெயர் கடைசியில் வருவது வழக்கம். உங்கள் மென்பொருள் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நம்புகிறது. அதனால் அந்தப் பெண்ணின் அப்பா பெயரை விழுங்கிவிடுகிறது.

இது தமிழர்களுக்குப் புரியாமல் போகலாமா? நான் ஆர்.கே. புரம் அரசுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல், அப்புறம் என் பெயர், அவ்வளவுதான். 1989-ல் சேர்ந்த முதல் கம்பெனியில் "சர்நேம் இல்லாமல் எப்படி?" என்று கேட்டு அப்பா பெயரை எனக்குப் பின்னால் ஒட்டினார்கள். அன்று முதல் அங்கே எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். நான்கு வருஷம் கழித்து அப்பா இறந்துபோனார். காரியங்களை முடித்துக்கொண்டு அலுவலகம் திரும்பிய காலையில், வரவேற்பில் இருந்த பையன் அப்பா பெயரைச் சொல்லி எனக்கு குட் மார்னிங் சொன்னான். அவன் மேல் தப்பு இல்லை, கணினியில் இருந்ததைப் படித்தான். நான் பதில் சொல்லாமல் படியேறிப் போய்விட்டேன். அன்றைக்கு மதியமே பெயரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாற்றவில்லை. மூன்றாவது தடவை நான் கேட்கவும் இல்லை. உங்கள் பொகோட்டா தோழி பேசாமல் இருப்பதற்கு என்ன பொருள் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஐடி ஆட்களிடம் சொல்லி, குடும்பப் பெயர் கட்டத்தில் இரண்டு சொல்லும் இடைவெளியோடு ஏறும்படி செய்யுங்கள். 'எப்படி அழைக்க வேண்டும்' என்று தனிக்கட்டம் ஒன்றும் வையுங்கள். என் (n) எழுத்தின் மேல் வளைகோடு இருந்தால் அதை விடாதீர்கள். 'பேஞா' என்றால் பாறை, 'பேனா' என்று ஆக்கினால் துக்கம். நமக்கு ஞ இருக்கிறது, ஞாயிறு சொல்லத் தெரிந்த எவருக்கும் இந்த ஒலி வரும். ர, ற வேறுபாடும் அவர்களிடம் உண்டு. 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். ஜே எழுத்தை ஹ போலச் சொல்லுங்கள், ஹோசே, ஹோர்ஹே என்று. முதல் நாளே "உங்கள் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்" என்று கேட்டுவிடுவது நல்லது. ஆறு மாசம் கழித்துக் கேட்கவும் வெட்கப்பட வேண்டாம்.

கொலம்பியாவிலிருந்து ஒருவர் வீடியோ காலில் வரும்போதெல்லாம் எங்கள் மேனேஜர் போதைப்பொருள் ஜோக் அடிக்கிறார், பாப்லோ எஸ்கோபார் பெயரை இழுக்கிறார். அந்தப் பக்கம் சிரிப்பு வருவதில்லை. நான் குழுவில் ஜூனியர். வாயைத் திறக்கலாமா?
– பெயர் வேண்டாம், குருகிராம்

திறக்கலாம் தம்பி, தனியாக. மீட்டிங்கில் வேண்டாம்.

அதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1986 டிசம்பரில் 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழின் ஆசிரியர் கியெர்மோ கானோவை அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். போதைக் கும்பல்களைப் பற்றித் துணிந்து எழுதியவர். யுனெஸ்கோ தரும் பத்திரிகைச் சுதந்திர விருதுக்கு அவர் பெயர்தான். 1989 ஆகஸ்டில் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற லூயிஸ் கார்லோஸ் கலான் பொதுக்கூட்டத்தில் கொல்லப்பட்டார். அதே வருஷம் நவம்பர் 27 அன்று பொகோட்டாவிலிருந்து காலி என்ற நகரத்துக்குக் கிளம்பிய பயணிகள் விமானத்தில் குண்டு வெடித்து, உள்ளே இருந்த 107 பேரும் இறந்தார்கள். போதைக் கும்பல் தலைவன் எஸ்கோபார் 1993-ல் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த வருஷங்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. உங்கள் வீடியோ காலில் வருகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். 1984 நவம்பரில் தில்லியில் இருந்த ஒரு சீக்கியப் பெரியவரிடம் அந்த நாட்களை வைத்து விளையாட்டுப் பேச்சு பேசுவோமா? நாக்கு கூசாதா?

மேனேஜரிடம் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லுங்கள்: "சார், அந்த ஜோக்கில் அவர் சிரிப்பதில்லை, கவனித்தீர்களா? அவங்க ஊரில் நிறைய பேர் செத்துப்போன விஷயம் அது." குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம், அவர் கவனிக்கத் தவறியதைக் காட்டுகிற குரல் போதும். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் தேதிகளைக் குறித்து வைத்து மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். கொலம்பியாக்காரரிடம் நீங்கள் நீளமாக மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. அடுத்த காலில் நீங்கள் முந்திக்கொண்டு வேறு பேச்சை ஆரம்பித்தால், அவருக்குப் புரியும்.

சின்னக் குறிப்பு: ஆங்கிலத்தில் நாட்டின் பெயரை எழுதும்போது எல் எழுத்துக்குப் பிறகு ஓ வரும், யூ இல்லை. யூ போட்டால் நியூயார்க்கில் இருக்கும் பல்கலைக்கழகம். இந்தத் தப்பை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

எங்கள் புது டைரக்டர் அமெரிக்கர், டெக்ஸாஸில் பிறந்தவர், பெயர் ஸ்பானிஷ் பெயர். நான் ஆன்லைனில் கொஞ்சம் ஸ்பானிஷ் கற்று, அவரைக் குஷிப்படுத்த ஸ்பானிஷில் வணக்கம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. தனக்கு ஸ்பானிஷ் தெரியாது என்றார். பிறகு "சரி, பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்டேன். "சான் அன்டோனியோ" என்றார். "அதற்கு முன்னால்?" என்றேன். பேச்சு அதோடு நின்றுவிட்டது. என்ன தப்பு செய்தேன்?
– வாசகர், நொய்டா

நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அவர் ஊரைச் சொன்ன பிறகும் இரண்டாவது தடவை கேட்டது, "நீ அந்த ஊர்க்காரன் இல்லை" என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. டெக்ஸாஸ் முன்பு மெக்சிகோவில்தான் இருந்தது. மெக்சிகோவோடு செய்த 1848 ஒப்பந்தத்தில் கலிபோர்னியா உள்படப் பெரும் நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கே பல குடும்பங்கள் எங்கும் குடிபெயரவே இல்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் போர்ட்டோ ரிகோ தீவில் பிறந்தவர்களோ 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். அப்படிப்பட்டவர்களிடம் "அதற்கு முன்னால்?" என்ற கேள்வியைக் கேட்பவர்கள் அவர்கள் நாட்டிலேயே நிறைய உண்டு. தில்லிக்கு வந்தும் அதுவா என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

மொழி விஷயம் இன்னும் நுட்பமானது. டெக்ஸாஸ் பள்ளிகளில் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளை அடித்த காலம் இருந்தது. அடி வாங்கியவர்கள் பெற்றோரானதும், தம் பிள்ளைகளுக்கு அந்த மொழி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கினார்கள். இங்கே மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தில்லி மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு பாட்டி, "தமிழ் படிக்கத் தெரியாதா? அடடா!" என்று என் மகளிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லித் தராமல் விட்டது நான்தான். அந்தக் குறை இன்றும் எனக்கு உண்டு. ஆனால் அவள் தமிழச்சி இல்லையென்று யாராவது சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன். உங்கள் டைரக்டரும் அப்படித்தான். ஸ்பானிஷ் வராததால் அவர் லத்தீனோ இல்லாமல் போய்விடவில்லை.

இனி என்ன செய்யலாம்? ஒன்றும் விசேஷமாகச் செய்ய வேண்டாம். சான் அன்டோனியோவைப் பற்றிக் கேளுங்கள். வேலையைப் பேசுங்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகளோடு வேலை பார்க்கும் பெரு நாட்டுப் பெண் பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறாள். லிமா நகரம். போட்டோவில் பார்த்தால் சீனப் பெண் மாதிரி இருக்கிறாள், என் மாமியார் நம்ப மறுக்கிறார். காரம் போட்டுச் சமைக்கலாமா? அவர்களும் சூரியனைக் கும்பிடுகிறவர்களாமே?
– இல்லத்தரசி, ரோகிணி

மாமியாரிடம் சொல்லுங்கள்: 1849-லிருந்து பெருவுக்குச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்கள் சமையலும் உள்ளூர்ச் சமையலும் கலந்து 'சிஃபா' என்று தனி வகையே உண்டாகி, லிமாவில் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. ஆகவே அவள் பெருக்காரிதான். அவள் குடும்பக் கதை வேறாகவும் இருக்கலாம். அதை அவள் சொல்லட்டும்.

சூரியன் விஷயம்: கூஸ்கோ நகரத்தில் ஜூன் 24 அன்று இன்தி ராய்மி என்ற சூரிய விழா நடக்கும். முன்பு பெருவை ஆண்ட இன்காக்கள் வழி வந்தது. மலைப்பகுதியில் கெச்சுவா மொழி பேசும் மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் இவள் கடற்கரை நகரத்துப் பெண். "அதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேளுங்கள். "உங்கள் பண்டிகை" என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம்.

காரத்தை அவளிடமே கேளுங்கள். அவர்கள் சமையலில் மஞ்சள் மிளகாய்க்குப் பெரிய இடம் உண்டு, ஆனாலும் எல்லோரும் நம் அளவுக்குச் சாப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஒன்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் சட்னிக்குப் போடும் மிளகாயும் வேர்க்கடலையும், பொரியலுக்கு உருளைக்கிழங்கும், சாம்பாரில் தக்காளியும், பொங்கலில் முந்திரியும் அவர்கள் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாய்க்கு, மிளகு மாதிரிக் காரமான காய் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டோம். கொய்யாவும் பப்பாளியும் அன்னாசியும்கூட அங்கிருந்து வந்தவைதான். உருளைக்கிழங்கு பெரு மலைகளில் ஆயிரக்கணக்கான வகைகளாக விளைகிறது. அவர்கள் அதை 'பாப்பா' என்பார்கள், கெச்சுவாச் சொல். அவளை அடுப்படிக்கு உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அவள் பாட்டி வீட்டில் இதை என்ன சொல்வார்கள், எப்படிச் சமைப்பார்கள் என்று கேளுங்கள். பால் பொங்கும்போது அவளும் பக்கத்தில் நிற்கட்டும். அவள் சொன்னதில் ஒன்றிரண்டை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.